கணினி கற்றவன் கூலி கேட்கக் கற்றானா?

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேகிறவன் பிள்ளை, கம்மாபுரத்தில் பேருந்தேறிக் கணினிப் பட்டம் படிக்கப் போகிறான். போகட்டும்! குலத்தொழிலே கதியென்றோர் முகத்தில் கரிபூசும் பயணமன்றோ அது! ஆனால், என்னிடம் பயின்றவனொருவன், பட்டம் பெற்று வேலைக்கமர்ந்து நள்ளிரவுவரை உழைத்துவிட்டு, "மிகைநேரத்துக்குக் கூலி உண்டா ஐயா?" என்று என்னைக் கேட்கிறான். எந்திரத்துக்கு ஆணையிடத் தெரிந்தவனுக்குத் தன் உரிமை தெரியவில்லை!

தொழிலாளர் கல்விக்கென்று 1973இல் சென்னையில் அரசே நிலையம் கண்டது. நன்று. அங்குப் பெறும் பட்டம் தொழிலாளர் நல அதிகாரியாகத் தகுதி தரும். மேய்ப்பவனுக்குப் பாடம், உழைப்பவனுக்கு? 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்தெழ, மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. கணினி வகுப்புகளில் அது சேதியாகவேனும் பேசப்பட்டதா? பல்கலைக்கழகத்தாரே, கணினிப் பட்டத்தில் தொழிலாளர் சட்டத்துக்கு ஒரு தாள் வையுங்கள். தேர்வுக்குரிய தாளாகவே வையுங்கள்!