கெய்சரைப் பழிக்குமுன்...

குழாயில் வெந்நீர் ஒரு நாள் சுடுகிறது. மறுநாள் வெதுவெதுப்பாக வருகிறது. உடனே புதிய கெய்சர் வாங்குவதா? முதலில் கணக்குப் போடவேண்டும் என்பேன்.

3 கிலோவாட் உடனடி கெய்சர் நிமிடத்திற்கு 180 கிலோஜூல் வெப்பம் தரும். 1 லிட்டர் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க 4.2 கிலோஜூல் தேவை. எனவே நிமிடத்திற்கு 3 லிட்டர் ஓடினால் சுமார் 14 டிகிரி ஏறும்; 6 லிட்டர் ஓடினால் 7 டிகிரிதான்! திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் கால் பங்கு வெப்பம் போய்விடும்.

வாளி, கடிகாரம், வெப்பமானி கொண்டு நீங்களே அளந்து பாருங்கள். கணக்குப்படி ஏறினால் கருவியில் பழுதில்லை. குழாயைச் சற்றுக் குறைத்துத் திறந்தால் போதும். ஏறாவிட்டால் மின்பணியாளர் முதலில் மின்னழுத்தத்தை அளக்கட்டும். கெய்சரின் மூடியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது!