சீருடை கழற்றிய பின்னும் துமுக்கி

காவலரின் பணிநேரம் முடிந்தபின் அவர் காவலரா, குடிமகனா? அமெரிக்க ஒன்றிய நாடுகளின் சட்டம் இவ் வினாவிற்கு விடை கூறாமலே, அவர் இடுப்பில் துமுக்கியை (துப்பாக்கியை) மட்டும் செருகி விட்டிருக்கின்றது.

2004ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள், அன்றைய குடியரசுத் தலைவர் சியார்ச்சு புச்சு ஒப்பமிட்ட அச் சட்டத்தின்படி, தகுதியுள்ள காவலர் எவரும், ஓய்வு பெற்றவருங்கூட, 50 மாநிலங்களுள் எங்குச் சென்றாலும் துமுக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். மாநிலச் சட்டம் தடுப்பினும் அத் தடை செல்லாது. தனியார் தம் இடங்களிலும், மாநில அரசும் ஊராட்சியும் தம் கட்டடங்களிலும் பூங்காக்களிலும் தடுப்பதற்கு மட்டும் இடம் விடப்பட்டுள்ளது. ஓய்வு பெற்றோர்க்கு 15 ஆண்டுப் பணி வேண்டும் என முதலில் இருந்ததும் 2010இல் 10 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. மாநில உரிமையைப் பெரிதும் பேசும் ஒரு நாட்டில், தெருக்காவல் போன்ற உள்ளூர்ப் பொருளில் நடுவணரசு கைவைத்தது வியப்பே!

சட்டத்தை வேண்டியவர் கூறிய கரணியம் தள்ளத்தக்கதன்று. சிறைமீண்ட கொடியவன், மனைவி மக்களோடு அங்காடியில் நிற்கும் காவலரை எதிர்ப்படக் கூடும். வெறுங்கையோடு நில்லும் என்று அவரிடம் கூற எவர்க்கும் வாய் வராது. ஆயினும், அச்சத்திற்கு மருந்து தேடியவர்கள் அளவை மறந்தனர். அச் சட்டம் படைக்கலத்தைத் தருகின்றதே யன்றி, வேற்று மாநிலத்தில் ஒருவனைத் தளைப்படுத்தும் உரிமையைத் தரவில்லை. ஓய்வு பெற்றவர் ஆண்டுதோறும் சுடுதிறன் ஆய்வில் தேறல் வேண்டும். பணியிலிருப்பவரோ, தம் துறை வகுத்த அளவுகோல் 'ஏதேனும் இருப்பின்' அதனை நிறைவு செய்தால் போதுமாம்! இல்லாத அளவுகோலில் எல்லாருமே தேறியவர்தாம். குடித்திருக்கையில் ஏந்தலாகாது என்றும் உள்ளது. மறைந்திருக்கும் துமுக்கியை அறிந்து, ஏந்தியவரை ஊதச் சொல்பவர் யார்?

2009 மேத் திங்கள் 28ஆம் நாள் இரவு, நியூயார்க்கு நகரின் ஆர்லெம் பகுதியில், பணி முடித்து வந்த கருப்பினக் காவலர் ஒருவர், தம் மகிழுந்தினுள் புகுந்தவனைத் துமுக்கியோடு துரத்தினார். எதிர்ப்பட்ட காவலருள் ஒருவர் அவரையே கொடியவனென்று கருதிச் சுட்டார். 25 அகவை இளைஞர் மாண்டார். அவர் தம் நகரிலேயே, தம் துறையினர் கையாலேயே மாண்டவர். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு ஏந்தியவரல்லர். சொந்த நகரிலேயே இந் நிலையெனின், முகமறியாக் காவலர் நடுவே வேற்று மாநிலத்தில் என்னாம்? அச் சாவின்பின் மாநில ஆளுநர் அமைத்த குழு 2010இல் தந்த அறிக்கை, இங்ஙனம் பணிநேரமல்லாப் பொழுதில் ஆள்மாறிச் சுடப்பட்டு மாய்ந்த காவலருள் மிகப் பலர் கருப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமே எனக் காட்டிற்று. தோலின் நிறம் பார்த்துக் கொடியவனென முடிவு கட்டும் கண், உள்ளே இருக்கும் காவலரடையாள அட்டையைப் பார்க்குமளவு பொறுப்பதில்லை.

அமெரிக்கப் பேராயம் செய்யத்தக்கது அரிதன்று. 'ஏதேனும் இருப்பின்' எனும் இரு சொற்களை நீக்கிப் பணியிலிருப்பவரும் ஆண்டுதோறும் தேறல் வேண்டுமென வகுக்கலாம். சீருடையில்லாது துமுக்கியோடு நிற்பவர், எதிர்ப்படும் காவலர்முன் எங்ஙனம் நடந்துகொள்வது என்பதையும் அவ் வாய்விலேயே சேர்க்கலாம். எந்தெந்தப் பொதுவிடங்களில் துமுக்கி நுழையலாகாது என்பதை அந்தந்த மாநிலத்தின் முடிவிற்கே விடலாம்.