‘சேவ்’ ஆச்சுன்னு யார் சொன்னது?

இந்த வார எபிசோடில் என்எஃப்எஸ் பற்றிப் பேசும்போது, "சாஃப்ட் மவுண்ட்டில் எதையும் எழுதாதீங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். நேரமில்லாமல் இல்லை, கூச்சம். இங்கே சொல்லிவிடுகிறேன்.

சில வருஷம் முன்னாடி, அபுதாபிக்கு மேற்கே ஒரு கட்டுமான சைட். கன்டெய்னர் ஆபீஸில் விரல் வைக்கிற பஞ்சிங் மெஷின், பக்கத்தில் ஒரு லினக்ஸ் பெட்டி. நான் எழுதிய ஒரு சின்ன சி புரோகிராம் மெஷினிலிருந்து நேரக்கணக்கை எடுத்து, துபாய் ஹெட் ஆபீஸ் சர்வரில் என்எஃப்எஸ் வழியாக எழுதும். "சேவ்டு" என்று காட்டும். பிறகு மெஷின் மெமரியைக் காலி செய்யும். நடுவில் ஒரு 4ஜி ரவுட்டர், விபிஎன்.

முதலில் ஹார்டு மவுண்ட்தான் போட்டிருந்தேன். லிங்க் போனால் புரோகிராம் அப்படியே உறைந்து நிற்கும், எல்எஸ் அடித்தால்கூட பதில் வராது. டைம்கீப்பர் தினமும் போன் போட்டுத் திட்டுவார். சாஃப்ட்டுக்கு மாற்றி, டைம்அவுட்டையும் குறைத்தேன். போன் நின்றது. நான் பெருமையாகக் கரக் சாயா குடிக்கப் போனேன்.

சம்பளம் போட்ட அன்று ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வந்தார். "தம்பி, ரெண்டு நாள் ஓ.டி. காணோமே?" அவருக்கு மட்டுமில்லை, 38 பேருக்கு. அமீரகத்தில் 2009-லிருந்து டபிள்யூபிஎஸ் இருக்கிறது, சம்பளம் பேங்க் வழியாகப் போனதா என்று அரசு பார்க்கும். ஆனால் அந்த சம்பள ஃபைலைத் தயாரிப்பது கம்பெனிதான். எங்கள் கணக்கிலேயே இல்லாத ஓ.டி. அதற்கு எப்படித் தெரியும்?

நடந்தது இதுதான். ரைட் கூப்பிட்டால் லினக்ஸ் டேட்டாவை பேஜ் கேஷில், அதாவது ரேமில், வாங்கி வைத்துக்கொண்டு உடனே "சரி" என்று சொல்லிவிடும். சர்வருக்கு அனுப்புவது அப்புறம். அனுப்பும்போது லிங்க் இல்லையென்றால் ஹார்டு மவுண்ட் விடாமல் முயற்சி செய்யும், சாஃப்ட் மவுண்ட் சில தடவை பார்த்துவிட்டுக் கைவிடும். கைவிட்ட செய்தி எஃப்சிங்க்கிலோ க்ளோஸிலோதான் நமக்கு வரும். க்ளோஸ் திருப்பித் தரும் மதிப்பை நான் பார்க்கவே இல்லை. லினக்ஸ் மேன் பேஜே என்எஃப்எஸ் பெயரைச் சொல்லி இதை எச்சரித்திருந்தது. யார் படிக்கிறார்கள்!

"கர்னல் ஏன் பொய் சொல்லணும்?" என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது பொய் சொல்லவில்லை, "வாங்கிக்கிட்டேன்" என்றது. அதை "சேவ்டு" என்று மொழிபெயர்த்தது நான். என்எஃப்எஸ் பதிப்பு 2-ல் சர்வர் டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லணும், அதனால் ஆமை வேகம். 1995-ல் வந்த பதிப்பு 3, முதலில் வாங்கிக்கொள், பிறகு கமிட் கேட்கும்போது உறுதி சொல் என்று பிரித்தது. நடுவில் சர்வர் ரீபூட் ஆனால் வெரிஃபையர் எண் மாறும், கிளையன்ட் மறுபடி அனுப்பும். அருமையான ஏற்பாடு. சர்வரில் அசிங்க் ஆப்ஷன் போட்டு வேகம் பார்ப்பவர்கள் அதையும் கெடுத்துவிடுகிறார்கள். பெரிய ஆட்களும் தப்பவில்லை: எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுபடி கூப்பிடும்போது லினக்ஸ் "சரி" என்று சொல்லிவிடலாம் என்பது போஸ்ட்கிரெஸ் குழுவுக்கே 2018-ல்தான் உறைத்தது.

"இப்ப 5ஜி இருக்கு ப்ரோ" என்பீர்கள். 2025 செப்டம்பரில் ஜெத்தா பக்கம் செங்கடலில் கேபிள் அறுந்தபோது இங்கே எடிசலாட், டு ரெண்டிலும் இன்டர்நெட் எப்படி நகர்ந்தது, ஞாபகம் இருக்கா? நெட்வொர்க் மந்தமாவதற்கும் சாவதற்கும் வித்தியாசம் சாஃப்ட் மவுண்ட்டுக்குத் தெரியாது.

இப்போது என் புரோகிராம் முதலில் லோக்கல் டிஸ்க்கில் எழுதும். பிறகு ஹார்டு மவுண்ட்டில் தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க், க்ளோஸ் ரெண்டும் பார்த்து, பெயர் மாற்றி, கடைசியில்தான் மெஷினைத் துடைக்கும். லிங்க் போனால் திரையில் "இன்னும் போகலை" என்று நிற்கும். டைம்கீப்பர் திட்டட்டும்.

அவர் பென்சிலில் எழுதி வைத்திருந்த நோட்டுதான் அன்று காப்பாற்றியது. அடுத்த மாசம் 36 பேருக்கு ஓ.டி. வந்தது. மீதி ரெண்டு பேர் அதற்குள் விசா கேன்சல் ஆகி ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் ஊர் அக்கவுண்டுக்கு அனுப்பச் சொல்லி ஹெட் ஆபீஸுக்கு மூன்று மெயில் போட்டேன்.