நான்காவது மகளுக்கு நிலம் எங்கே?

கிழக்கே கடல், மேற்கே வயல். இவ்விரண்டிற்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையிலேயே பெரியநீலாவணை முதல் சாய்ந்தமருது வரை எமது மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக உட்பிரதேசத்திலே புதிய குடியேற்றங்கள் எழுந்தன. கரையோர ஊர்களிலோ மக்கள் பெருகினர், மனைநிலம் பெருகவில்லை.

இம்மண்ணிலே, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், மகளுக்கு வீடு கொடுத்தே மணம் முடித்து வைப்பது வழக்கம். ஆகவே தந்தையின் வளவு மகள்மாரின் தொகைப்படி கூறாகிறது. இவ்வழக்கம் பெண்ணுக்குச் சொந்த நிலத்தைத் தருகிறது. அதே வேளையில் தந்தையின் முதுகையும் முறிக்கிறது. அதனைத் திருத்துவது எமது சமூகத்தின் கடமை. அது திருந்தும் வரையில் குடும்பங்கள் தெருவிலே நிற்க முடியுமா?

சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, காணியைத் துண்டாக்குவதும் ஓர் அபிவிருத்தி வேலையே. அதற்கு அனுமதி வேண்டும். 1986ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வீட்டுத் துண்டொன்றின் ஆகக் குறைந்த பரப்பை 150 சதுர மீற்றர் என விதித்தன. அஃதாவது, ஏறக்குறைய 6 பேர்ச்.

இருபது பேர்ச் வளவுடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாதைக்கு இரண்டு பேர்ச் விட்டால் மிச்சம் பதினெட்டு. மூன்று பெண்களைப் பெற்றவர் தலைக்கு ஆறு பேர்ச் பிரித்துக் கொடுத்துச் சட்டத்துக்குள் நிற்கிறார். நான்காவதாக ஒரு பெண் பிறந்துவிட்டாலோ தலைக்கு நாலரைப் பேர்ச். விண்ணப்பம் திரும்பி வருகிறது! நான்காவது மகளைப் பெற்றது குற்றமா?

அனுமதி மறுக்கப்பட்டதனால் வீடு எழாமலிருக்கிறதா? இல்லை. வேலி விழுகிறது, சுவர் எழுகிறது. உறுதியிலே "பிரிபடாத நாலிலொரு பங்கு" என்று எழுதப்படுகிறது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லாத காணிக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்குகிறது. நாளை சகோதரிகளுக்கிடையே பிணக்கு வந்தால் பாகப்பிரிவினை வழக்கு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம் என்ன செய்கிறது? துண்டுகள் சட்டம் விதித்த அளவிலும் சிறியனவாகுமெனின், பிரிக்காது விற்றுவிடக் கட்டளையிட அது இடமளிக்கிறது. குடியிருக்கக் கொடுத்த வீடு ஏலத்திலே போவதற்கா தந்தை வளவைப் பகிர்ந்தார்?

விதி விதிதானே என்பர் சிலர். கொழும்பிலே அவ்விதி வளையவில்லையா? 1984ஆம் ஆண்டு தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் கீழ், தலைநகரின் வறிய குடியிருப்புகள் விசேட திட்டப் பிரதேசங்களாகக் கொள்ளப்பட்டு, இரண்டு பேர்ச் அளவான துண்டுகளுக்கும் இடமளிக்கப்பட்டது. கொழும்புக்கு அளித்த இரக்கத்தைக் கல்முனைக்கு ஏன் மறுக்க வேண்டும்?

விதிகளையெல்லாம் கிழித்தெறியும்படி நாம் கேட்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, மேற்கே ஓடுவதற்கு ஒரு பாதை எவ்வளவு இன்றியமையாதது என்பதை இக்கரை கண்ணீரோடு கற்றது. பாதையும் வடிகாலும் உயிர்காப்பன. அவற்றை விட்டுக்கொடுக்க ஒருபோதும் உடன்படோம். ஆனால் பாதையைக் காப்பது வேறு. மகளைத் துரத்துவது வேறு.

உண்மையான கேடு எங்கிருந்து வருகிறது? வயலை மலிவாக வாங்கி, மண் கொட்டி நிரப்பி, பாதையும் வடிகாலுமின்றித் துண்டு துண்டாக விற்கும் வியாபாரிகளிடமிருந்தே வருகிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணி நிரப்புவதைத் தடுக்கிறது. ஒருவர் நிரப்பிய மேட்டினால் அயலவரின் வயலில் வெள்ளம் தேங்குவதை எமது விவசாயிகள் நன்கறிவர். குடும்ப வளவைப் பிரிக்கும் ஏழைத் தந்தையையும் வயலை விழுங்கும் வியாபாரியையும் ஒரே அளவுகோலால் அளப்பது நீதியாகாது.

எமது தலைவர்கள் எதிலே காலம் கழித்தனர்? கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமென 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உண்ணாவிரதம் நடந்தது. அதற்கு எதிர்ப்பும் நடந்தது. சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை வழங்கி 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது. சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. நிர்வாக எல்லைக்கான கோரிக்கைகளை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆயினும், எந்தச் செயலகத்தின் எல்லைக்குள் நின்றாலும் நாலரைப் பேர்ச் நாலரைப் பேர்ச்தான். பாண்டிருப்புத் தந்தைக்கும் மருதமுனைத் தந்தைக்கும் இருப்பது ஒரே துன்பம். இதிலேனும் தமிழ்பேசும் மக்கள் ஒரே குரலில் பேசக்கூடாதா?

நாம் கேட்பவை நான்கு. பெற்றோர் பிள்ளைகளுக்குப் பகிரும் வளவைத் தனிவகையாக ஏற்று, பொதுப்பாதையும் வடிகாலும் உண்டென்ற நிபந்தனையின் பேரில் நான்கு பேர்ச் வரை அனுமதியுங்கள். ஒவ்வொரு வட்டாரத்திற்கும் முதலிலேயே ஒழுங்கைகளை வரைந்து வெளியிடுங்கள். விண்ணப்பத்தை மறுப்பதாயின் குறித்த நாளுக்குள், தமிழில், காரணத்தோடு மறுங்கள். அனுமதியின்றி வயலைத் துண்டாக்கி விற்போரின் மீது சட்டத்தைப் பாய்ச்சுங்கள்.

உறுதி எழுதும் நொத்தாரிசுகளே, வரைபடம் கீறும் நில அளவையாளர்களே, பொறியியலாளர்களே! பாதையில்லாத துண்டுக்குக் கையொப்பமிட மாட்டோமென நாமே முதலில் உறுதி பூணுவோம். அந்தத் தகுதியோடு அதிகாரிகளின் முன் சென்று, நான்காவது மகளுக்காக வாதாடுவோம். அவள் கேட்பது அரசின் தானமன்று. தன் தந்தையின் மண்ணிலே அவளுக்குள்ள பங்கு.