செத்த எலியும் மூன்று நாள் விறகும்

காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரத்தில் ஒரு செத்த எலி வருகிறது. கெட்டிக்காரனுக்கு இதுவே முதல் என்று விசாகிலன் என்ற வணிகன் யாரையோ கடிந்துகொள்கிறான். கடன் கேட்டு வந்த ஏழை இளைஞன் அந்த எலியையே கடனாக வாங்கி, அதற்குச் சீட்டும் எழுதித் தருகிறான். பூனை வைத்திருக்கும் ஒரு வியாபாரி எலிக்கு இரண்டு கைப்பிடி கடலை கொடுக்கிறார். கடலையை மாவாக்கி, ஒரு குடம் தண்ணீரோடு ஊருக்கு வெளியே நிழலில் போய் நிற்கிறான். களைத்து வரும் விறகுவெட்டிகள் தின்று, குடித்து, ஆளுக்கு இரண்டு விறகு கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

முதல், கடன், பண்டமாற்று, லாபத்தைத் திரும்பத் தொழிலில் போடுவது எல்லாம் இதில் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். சிறுவர்களுக்குப் பொருளாதாரத்தைக் கதையாகச் சொல்லலாமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கதையை யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதில்தான் வில்லங்கம்.

இங்கிலாந்தில் ஹேரியட் மார்ட்டினோ 1832 முதல் 1834 வரை இதே வேலையை 25 பகுதிகளாகச் செய்தார். பெரியவர்களுக்காக எழுதியவை, பரபரப்பாக விற்றன. கதையோடு கொள்கைச் சுருக்கத்தையும் அச்சிட்டார். அவருக்கு முன்பே இத்துறையில் எழுதத் தொடங்கிய ஜேன் மார்செட்டும் 1833இல் ஒரு கூலித் தொழிலாளியைக் கதாபாத்திரமாக்கினார். பணக்காரரின் ஆடம்பரம் ஒழிய வேண்டும் என்று அவன் தேவதையிடம் வரம் கேட்கிறான். ஆடம்பரத்தோடு பலர் பிழைப்பும் போய்விடுகிறது. விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற கதையைப் பிறகு தைத்தால், ஏழைதான் எப்போதும் தப்புக்கணக்குப் போடுவான்.

சோமதேவரின் கதை இந்த அளவுக்குக் கட்டுப்பட்டதல்ல. கிடைத்த விறகை விற்றுக் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இளைஞன் மூன்று நாள் விறகு முழுவதையும் தானே வாங்கி வைக்கிறான். திடீரென்று அடைமழை பிடிக்கிறது. விறகுக்குத் தட்டுப்பாடு. பல நூறு பணத்துக்கு விற்கிறான்.

வகுப்பில் கதையை நிறுத்த வேண்டிய இடம் இதுதான். இது பதுக்கல் இல்லையா? இந்தியாவில் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது; அதன் கீழ் இருப்புக்கு வரம்பு விதிக்கலாம். மறுபக்கமும் உண்டு. அவன் வாங்கி வைக்காதிருந்தால் மழை நாளில் ஊருக்குக் காய்ந்த விறகு எங்கிருந்து கிடைத்திருக்கும்? மலிவான நாளின் சரக்கை முடைநாளுக்குக் கொண்டுபோவதும் ஒரு சேவைதான். அந்தச் சேவைக்கு எவ்வளவு கூலி நியாயம் என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். அதே விறகை வெட்டியவன் மழையில் என்ன விலைக்கு வாங்கினான் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

நம் கேள்வித்தாளோ 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்று கேட்டு, 'முயற்சி திருவினையாக்கும்' என்ற விடைக்கு முழு மதிப்பெண் போடுகிறது. விறகுவெட்டியைப் பற்றி எழுதும் பிள்ளைக்கு விடைக்குறிப்பில் இடமில்லை.