வாட்டில் நம் பிள்ளைகள் வேண்டும்

நான் படிப்பித்த லயத்துப் பிள்ளை ஒருத்தி இப்போது தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். முதலில் பொம்மைக் கையில் ஊசி போட்டுப் பழகினாளாம், பிறகுதான் வாட்டு. அங்கே கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் சிங்களம் தெரியாததால் தன் நோவைச் சொல்ல முடியாமல் கிடந்தார். இவள் "அம்மா, எங்க நோவுது?" என்று கேட்டதும் அழுதுவிட்டாராம்.

தமிழ் 1987 முதல் அரச கரும மொழி. சட்டம் மட்டும் போதாது. வாட்டில் தமிழ் பேச ஆள் வேண்டும். அரச தாதியர் பயிற்சி 3 வருடம். அதில் சேர உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்திருக்க வேண்டும். நம் தோட்டப் பாடசாலைகளில் எத்தனையில் அந்த வகுப்பு இருக்கிறது?

சம்பளக் கோரிக்கையோடு விஞ்ஞான ஆசிரியர் கோரிக்கையையும் சங்கம் முன்வைக்க வேண்டும். பெற்றோரே, சாதாரண தரத்தோடு நிறுத்திப் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள்.