யந்திரத்தோடு யந்திரம் ஆடும் சதுரங்கம்

ஆரணிக்கு அருகிலுள்ள ஊர்களில் பட்டுத் தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டியைக் காணலாம். துளையிட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை எழும். சேலைக் கரையில் மயில் விரியும். எந்த இழை எழவேண்டும் என்பதை அட்டை சொல்லிவிடுகிறது. மிதியை மிதிப்பதோ நெசவாளியின் கால்.

கம்ப்யூட்டர்ச் சதுரங்கமும் வெகுகாலம் இப்படித்தான் நடந்தது. யோசிப்பது யந்திரம், காயை நகர்த்துவது மனிதன். 1966-67ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு யந்திரமும் மாஸ்கோ ஆராய்ச்சி நிலைய யந்திரமும் நான்கு ஆட்டங்கள் மோதின. ஒவ்வொரு நகர்த்தலும் தந்தியில் போகவேண்டும். மாதக்கணக்கில் இழுத்த அப்பந்தயத்தில் மாஸ்கோ 3-1 என்று வென்றது. பனிப்போர் நாளில் இரு நாடுகளும் இந்த அளவாவது பேசிக்கொண்டனவே!

1990-களில் இரு கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைத்து, நடுவிலிருந்த மனிதனை விலக்கினார்கள். 2000-ல் ஸ்டெபான் மேயர்-காலன், ரூடால்ப் ஹூபர் என்ற இருவர் 'யு.சி.ஐ.' என்னும் பொது மொழியை வகுத்தனர். அதன்பின் எந்த நிரலும் எந்த நிரலோடும் ஆடலாம். நடுவர் வேலை பார்க்கும் இன்னொரு நிரல் நகர்த்தலை அங்குமிங்கும் கடத்தும், கடிகாரத்தையும் கவனிக்கும். விடிய விடிய ஆட்டம் நடக்கும், ஆள் தூங்கலாம்.

இத்தனை ஆட்டங்கள் எதற்கு? நிரலில் செய்த சிறு மாறுதல் நல்லதா என்பது நூறு ஆட்டத்தில் தெரியாது, அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். பல்லாயிரம் ஆட்டங்கள் வேண்டும். 'ஸ்டாக்பிஷ்' நிரலுக்காக 2013 முதல் பல நாட்டுத் தொண்டர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இரவல் தருகிறார்கள். பழைய நிரலும் புதிய நிரலும் மோதும். ஒரே தொடக்கத்தை நிறம் மாற்றி இருமுறை ஆடும். புதியது வென்றால் மாறுதல் நிலைக்கும். ஏன் வென்றது என்று எவரும் விளக்கவேண்டியதில்லை, எண்ணிக்கையே தீர்ப்பு.

சங்கடம் இங்கேதான் பிறக்கிறது. அப்படித் தேறிய நிரல் இன்று செல்போனில் இலவசம். சிறுவன் கேட்டால் சிறந்த நகர்த்தலை நொடியில் சொல்லும்; காரணத்தைச் சொல்லாது. விடை கையிலிருக்கும்போது, யோசிக்கும் பழக்கம் எப்படி வரும்?

2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலகச் சாம்பியனான சென்னை குகேஷ், இளம் வயதுப் பயிற்சியில் வெகுகாலம் இந்த நிரல்களைத் தொடவேயில்லை. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் ஏற்பாடு அது. அப்படியும் 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். பையனுக்குப் பலகையோடு செல்போனையும் சேர்த்து வாங்கிக் கொடுக்கும் தகப்பனார்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.